தராசுக்காரர் ஜெயித்த நாள்

தராசுக்காரர் அன்றைக்குத் தோற்றுப்போயிருக்கலாம். மொத்தத்தில் ஒரு கிலோ நூறு கிராம் தோல்விதான். ஒரு குடியும் முழுகிப் போயிருக்காது. ஆனால் பாருங்கள், நியாயம் அவர் பக்கம் இருந்தது. நியாயம் கையில் இருக்கிற மனுஷனைத் தடுத்து நிறுத்துவது லேசுப்பட்ட காரியமா?

அவருக்குத் தொழில் தராசு பழுது பார்ப்பது. வீட்டின் முன்னறைதான் கடை. கறிக்கடைத் தராசு, பழைய பேப்பர்க் கடைத் தராசு, கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து வரும் நகைக்கடைத் தராசு, எண் காட்டுகிற மின்தராசு எல்லாம் அங்கே வந்து வரிசையில் கிடக்கும். அவர் மனைவியைத் தெருவில் தராசுக்காரம்மா என்பார்கள். வருகிற தராசை வாங்கிச் சீட்டுக் கட்டுவதும், மண்ணெண்ணெய்த் துணியால் துருவைத் துடைப்பதும், தட்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதும் அவள் பாடு. மழைக்காலத்தில் இரும்புக்கெல்லாம் சளி பிடித்த மாதிரி துரு ஏறும். அவள் விரல் இடுக்கில் நான்கு மாதத்துக்கு மண்ணெண்ணெய் வாசம் போகாது. சோற்றைப் பிசைந்தால் அதிலும் அடிக்கும்.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. அவர் எடைக்கல்லை வைத்துவிட்டால் முள் அசையாமல் நிற்கிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது. நகைத் தராசுக்கு மூச்சுக் காற்றே போதும், முள் ஆடிவிடும். கல்யாணமான புதிதில் அவள் ஏதோ கேட்டுக்கொண்டே உள்ளே வந்தபோது, "இரும்மா, உன் பேச்சையும் சேத்து நிறுத்துடப் போகுது" என்று சிரித்தார். அன்றிலிருந்து முப்பது வருஷம், அவர் குனிந்து ஒரு எடையைப் பார்க்கிறார் என்றால் அவளுக்கு வாய் தானாக மூடிக்கொள்ளும். அடுப்பில் பால் பொங்கினாலும் ஓடிப்போய் இறக்குவாளே தவிர, ஐயோ என்று ஒரு சத்தம் வராது.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா. ஏழு வயசு மூத்தவள். கடல் தாண்டிய ஊரில் காய்கறி மண்டியில் ஏலம் போடுகிறவள். அவள் ஏலம் கூறினால் மண்டிக்கு வெளியே வண்டிக்காரர்கள் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பார்கள். எண் அத்தனையும் விரல் நுனியில். எழுத்துத்தான் தெரியாது. அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

மழை விடாமல் பெய்த ஒரு நாள் மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். குரல், ஈர விறகு எரிகிற மாதிரி வந்தது.

"டீ, அடுத்த வெள்ளிக்கிழமை காலைல அறுக்கறாங்க. குரல்பெட்டியவே எடுத்துடுவாங்களாம். அப்புறம் ஏலமும் இல்ல, ஏச்சும் இல்ல. உன் மாப்பிள்ளைக்கு நிம்மதி."

"அப்படிப் பேசாதக்கா."

"பேசாம? பேசறதுக்கே ஒம்போது நாள்தான் மிச்சம். அழுது அதையும் வீணாக்காத. கேளு. அம்மா போறப்ப உனக்குன்னு ஒண்ணு சொன்னா. உங்கிட்டச் சொல்லச் சொன்னா. நான் சொல்லல."

தராசுக்காரம்மாவுக்குக் கையிலிருந்த துணி நழுவியது. அம்மா அக்கா வீட்டில் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. மகனுக்கு அப்போது விஷக்காய்ச்சல். அவளால் போக முடியவில்லை. காரியத்துக்கும் போகவில்லை.

"ஏன்க்கா சொல்லல?"

"கோவம்தான். எல்லாருக்கும்தான் புள்ள இருக்கு, எல்லாருக்கும்தான் காய்ச்சல் வருது, நீ வரலைல்ல? சொல்ல மாட்டேன் போன்னு இருந்துட்டேன். இப்ப பயமா இருக்குடி. எம்மேல வச்ச சாமான் மாதிரி கனக்குது."

"இப்பவே சொல்லேன்."

"இது போன்ல சொல்ற பேச்சில்ல. உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். வா. என் வாயாலயே சொல்லிடறேன்."

அன்று சாயங்காலமே மகன் கைப்பேசியில் டிக்கெட் தேட உட்கார்ந்தான். அச்சகத்தில் வேலை பார்க்கிறவன், இதெல்லாம் தெரிந்தவன். புதன்கிழமை வரைக்கும் விலை கொள்ளை. வியாழக்கிழமை காலை விமானம் பாதிதான். அதில் போனால் சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம். ஒரு ராத்திரி முழுக்க அக்காவும் தங்கையும் பேசலாம். அதுபோதும் என்றாள் அவள்.

"டிக்கெட் மலிவுதாம்பா. பைக்குத்தான் தனிக் காசு."

"பை இல்லாம எவன்டா ஊருக்குப் போவான்?"

"அது அவங்களுக்கும் தெரியும். அதனாலதான்."

"சரி, போடு."

"சீட்டுக்கும் தனிக் காசு. ஜன்னலோரம்னா ஒரு விலை, நடுவுலன்னா ஒரு விலை."

"நடுவுலயுமா? ரெண்டு பக்கமும் இடி வாங்கறவனுக்கு அவன்ல குடுக்கணும்!"

"எடுக்கலன்னா அம்மா ஒரு மூலை, நீங்க ஒரு மூலை."

"முப்பது வருஷமா எம்பக்கத்துலயேதான உக்காந்திருக்கா. மூணு மணி நேரம் உங்கம்மாவும் காத்தோட்டமா இருக்கட்டும்."

"டிக்கெட்ட அங்க போய் அச்சடிச்சாலும் காசு. நான் கடையிலயே அடிச்சுட்டு வந்துடறேன். அப்புறம் தண்ணி..."

"அதுக்குமா! ஏண்டா, இது விலையே இல்லடா. எலிப்பொறி. உள்ள வச்சிருக்கற தேங்காத்துண்டு மட்டும்தான் மலிவு."

பைக்கு இருபது கிலோ எடுத்தார்கள். மேலே போனால் கிலோவுக்கு இத்தனை என்று மகன் படித்தான். நூறு கிராம் கூடினாலும் முழுக் கிலோவாகத்தான் கணக்காம். தராசுக்காரர் அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். சிரிப்பு போய்விட்டது.

"நூறு கிராமுக்கு நூறு கிராம் காசுதான்டா. நம்ம கறிக்கடைக்காரன் இப்படி நிறுத்தான்னா, அவன் தராச நான் கையால தொட மாட்டேன்."

புதன்கிழமை அவள் பையை அடுக்கினாள். அக்காவுக்கு இனி ஒரு மாதத்துக்குக் கூழாக அரைத்த ஆகாரம்தான் என்று சொல்லியிருந்தார்கள், அதனால் ஒரு புது மிக்ஸி. கழுத்தில் சுற்றிக்கொள்ளப் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து ஓரம் அடித்த துணிகள் இரண்டு டஜன். ஒரு கம்பளி. ஒரு வெந்நீர்க் குடுவை. மூட்டை நிறுக்கிற பெரிய தராசில் பையை ஏற்றி, முத்திரை போட்ட கற்களை வைத்து அவர் நிறுத்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பத்தொம்பது எண்ணூறு" என்றார் நிமிர்ந்து. "இருநூறு கிராம் காத்துக்கு விட்டிருக்கேன்."

விமான நிலையத்துக்கு எட்டே முக்காலுக்கெல்லாம் போய்விட்டார்கள். விமானம் பதினொரு மணிக்கு. பத்துக்குக் கவுண்டர் மூடிவிடும் என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்தது. வரிசை பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. ஓரத்தில் ஒரு பெண் பையைத் தரையில் மல்லாத்தி, குழந்தையின் துணிகளை எடுத்து எடுத்துத் தன் தோள்பையில் திணித்துக்கொண்டிருந்தாள். அட்டைப்பெட்டி கொண்டுவந்த ஒரு கூலிக்காரர் இரண்டு சட்டையை எடுத்து, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். அப்படியும் எடை இறங்கவில்லை. மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி வைத்துவிட்டுப் போனார். போகும்போது, "வீட்ல நிறுத்தப்ப சரியா இருந்துச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அது தராசுக்காரர் காதில் விழுந்துவிட்டது.

அவர்கள் முறை வந்தபோது ஒன்பது இருபத்தைந்து. பையை ஏற்றினார்கள். சிவப்பு எண் துள்ளித் துள்ளி இருபத்தொன்று புள்ளி ஒன்றில் நின்றது.

"ஒரு கிலோ நூறு கிராம் கூட இருக்கு சார். ரெண்டு கிலோவுக்குக் கட்டணும்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். மகள் வயசு. "இல்லன்னா ஏதாவது எடுத்துடுங்க. அந்தக் கம்பளிய கைல வச்சுக்கங்களேன்."

நல்ல பெண்தான். வழியும் சொன்னாள். தராசுக்காரம்மா தன் கைப்பையைத் திறந்தேவிட்டாள். உள்ளே, சிறுகச் சிறுகச் சேர்த்துக் கைக்குட்டையில் முடிந்து வைத்த பணம் இருந்தது. நாலு கிலோவுக்குக்கூடக் காணும்.

"அம்மாடி, பை பத்தொம்பது எண்ணூறு" என்றார் அவர், ரொம்பப் பதமாக. "உன் மெஷின்தான் தப்பு."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க."

"எல்லாரும் சொல்றாங்கன்னா பாத்திருக்கணும்லம்மா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வேறு ஒருவர், "பெரியவரே, கட்டிட்டு நகருங்க, எங்களுக்கும் பிளேன் இருக்கு" என்றார். அந்தப் பெண் மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் வந்துசேரப் பத்து நிமிஷம். கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே கேட்டுவிட்டு, பக்கத்துக் கவுண்டரில் பையை ஏற்றிப் பார்க்கச் சொன்னார். அங்கே பத்தொன்பது எட்டு.

மேலாளர் இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த மெஷினே கம்மியாக் காட்டலாமில்ல? இதுதான் சரியா இருக்கலாம்" என்றார்.

கோபம் வரவேண்டிய இடம். ஆனால் தராசுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. தொழில் தெரிந்தவன் கேட்கிற கேள்வியை ஒருவன் கேட்டுவிட்டான்!

"அப்படிக் கேளுங்க சார். ரெண்டு தராசு ரெண்டு சொன்னா எது பொய்? அதுக்கு மூணாவதா ஒரு எடை வேணும், நமக்கு முன்னாடியே தெரிஞ்ச எடை. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. இருங்க."

எதிரே இருந்த கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். சீல் பிரிக்காத லிட்டர் பாட்டில் பத்து. கடைக்காரன் மீதி கொடுக்கத் தடுமாறினான். பத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது வரிசையே வேடிக்கை பார்த்தது. முதல் தராசின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கினார். கடையில் எடைக்கல் வைப்பாரே, அதே விரல், அதே நிதானம்.

தராசுக்காரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பத்திரண்டு.

அந்த இடத்தில்தான் அவள் பேசியிருக்க வேண்டும். 'ஏங்க, போதும், அக்கா காத்திருக்கா' என்று நாலு வார்த்தை. பணம் கையிலேயே இருக்கிறது. ஆனால் அவர் குனிந்திருந்தார். எண் ஆடிக்கொண்டிருந்தது. அவள் வாய் மூடியிருந்தது. முப்பது வருஷப் பழக்கம், ஊர் மாறினாலும் இடம் மாறினாலும் அது மாறுமா? பழக்கம் மட்டும்தான் என்றும் சொல்லிவிட முடியாது. உள்ளுக்குள் அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை பேர் நடுவில், கால்சட்டைக்கும் கழுத்துப்பட்டைக்கும் முன்னால், தன் புருஷன் கை நடுங்காமல் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னாளில் அவளை அறுத்தது இந்தப் பெருமைதான்.

பத்து பாட்டிலுக்கு மெஷின் பத்து புள்ளி ஒன்பது காட்டியது. அடுத்த கவுண்டரில் அதே பத்து, பத்தே காலுக்குச் சற்றுக் குறைவு.

"காலிப் பாட்டிலுக்கும் மூடிக்கும் அது சரி" என்றார் தராசுக்காரர்.

வரிசையில் ஒருவர் கை தட்டினார். மேலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரி சார், நீங்க கட்ட வேண்டாம். பைய போடுங்க, விட்டுடறேன்" என்றார்.

"விட்டுட வேண்டாம் சார். தப்புன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. காலைலேர்ந்து எத்தனை பேர் கட்டிட்டுப் போனாங்க? ரெண்டு சட்டை போட்டுக்கிட்டுப் போனாரே, அவருக்கு யார் திருப்பிக் குடுப்பா?"

"எழுதறதெல்லாம் மேலிடத்துல கேக்கணும் சார்."

"கேளுங்க. நிக்கறேன்."

மேலாளர் கேட்கப் போனார். கேட்டார். தாள் தேடினார். எழுதி, முத்திரை குத்தி, அவர் திரும்பி வந்து நீட்டிய நேரம், கவுண்டர்ப் பெண் திரையைப் பார்த்து உதட்டைக் கடித்தாள்.

"சார்... மூடிடுச்சு."

"என்னம்மா மூடிடுச்சு?"

"பத்து மணி சார். சிஸ்டம் தானா மூடிக்கும். என்னால உங்க பேரை ஏத்த முடியல."

மேலாளர் இரண்டு இடத்துக்குப் பேசிப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார், அவரைக் குறை சொல்லக் கூடாது. நடக்கவில்லை. நேரத்துக்கு வராதவர்கள் என்று கணினி அவர்களை எழுதிவிட்டது. மறுநாள் விமானத்தில் இடமே இல்லை. சனிக்கிழமை இருந்தது. தேதி மாற்றத் தனிக் காசு, விலை வித்தியாசம் தனிக் காசு, பைக்கு மறுபடி புதுக் காசு. இந்தத் தடவை தராசுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். தாள் சட்டைப்பையில் இருந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பெஞ்சில் இருவரும் பத்துப் பாட்டில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். சண்டைக்குக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா" என்றாள் அவள்.

அக்காவுக்குப் போன் போட்டபோது அக்கா மகள்தான் எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு அக்கா வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். வார்டின் இரைச்சல், யாரோ இருமுவது, தள்ளுவண்டிச் சத்தம் எல்லாம் வந்தது.

"வரலையா?" என்றாள் அக்கா.

நடந்ததைச் சொன்னாள்.

"கடைசில மாப்பிள்ள ஜெயிச்சாரா?"

"ஜெயிச்சாருக்கா."

"அவரு தோக்க மாட்டாரு." ஒரு இருமல். "சரி விடு. சனிக்கிழம வா."

"அக்கா, அம்மா சொன்னத இப்பச் சொல்லிடேன். கெஞ்சிக் கேக்கறேன்."

"இங்க சுத்தி ஆளுங்கடி. எம்பொண்ணு காதுலயே விழக் கூடாதது. எப்படிச் சொல்றது?"

"அவளைத் தள்ளிப் போகச் சொல்லு."

"போன என்னால புடிக்க முடியலடி, கையெல்லாம் ஊசி." பிறகு, "நீ சாப்ட்டியா?" என்றாள்.

"ம்."

"பொய் சொல்ற. போய்ச் சாப்புடு."

அக்காவின் குரலில் அவள் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

சனிக்கிழமை அதே கவுண்டர், அதே பெண். அடையாளம் கண்டு, "சார், அன்னிக்கே அந்த மெஷின மாத்திட்டாங்க. உங்களாலதான்" என்று சிரித்தாள். தராசுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். பையை ஏற்றியபோது எத்தனை காட்டியது என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விமானத்தில் அவர் மூன்றாவது வரிசை, அவள் இருபத்தாறாவது.

ஆஸ்பத்திரியில் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். மூச்சு கழுத்து வழியாகப் போய்வந்தது. தங்கையைப் பார்த்ததும் முகம் முழுக்க விரிந்தது. கையை நீட்டிக் கட்டிலில் தட்டினாள். பிறகு மகளைப் பார்த்து வாசலைக் காட்டினாள். மகள் போனதும் தராசுக்காரரையும் பார்த்தாள். அவரும் எழுந்து வெளியே போனார்.

தங்கையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். வாயைத் திறந்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். உதடு ஒட்டியது, பிரிந்தது, குவிந்தது. நாக்கு மேலே போய் வந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"புரியலக்கா. இன்னொரு தரம்."

மறுபடி சொன்னாள். 'அம்மா' என்பது தெரிந்தது. அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை. விரலைத் தூக்கிக் காட்டப் பார்த்தாள். மண்டியில் ஆயிரம் பேர் இரைச்சலில் விலை பேசிய விரல்கள். ஒன்றிலிருந்து லட்சம் வரை அவற்றுக்குச் சைகை உண்டு. இதற்கு ஒரு சைகையும் இல்லை. கையைக் கீழே போட்டுவிட்டு, மூன்றாவது தரம் வாயாலேயே சொன்னாள். கழுத்துக் குழாயில் காற்று சீறியது. நெற்றியில் வியர்வை கோத்துக்கொண்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, தையல் பிரிஞ்சுடும், அவங்களச் சிரமப்படுத்தாதீங்க" என்று அதட்டிவிட்டுப் போனாள்.

அக்கா கண்ணில் தண்ணீர் நின்றது. நான்காவது தரத்துக்கு வாயைத் திறந்தாள்.

"புரிஞ்சிடுச்சு" என்றாள் தங்கை.

அக்கா புருவத்தைத் தூக்கினாள். நிஜமாகவா?

"நிஜமாத்தான்க்கா. புரிஞ்சிடுச்சு. அம்மா அப்படியா சொன்னா?"

அக்கா பலமாகத் தலையாட்டினாள். அப்படியே தலையணையில் சரிந்தாள். பதினோரு வருஷச் சுமையை இறக்கி வைத்த முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தங்கை பார்த்தாள். இனி எந்த நாளும் அதைத் திரும்பத் தூக்கச் சொல்ல முடியாது. கையைப் பிடித்தபடியே அக்கா தூங்கிப்போனாள்.

வெளியே நீளத் தாழ்வாரத்தில் தராசுக்காரர் எழுந்து நின்றார். கண் அவள் முகத்தையே துழாவியது.

"சொன்னாங்களா?"

"சொல்லிட்டா."

"உனக்கு... புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

அவர் இரண்டு நாளாக அடைத்து வைத்திருந்த மூச்சை விட்டார். "அப்பாடா" என்றார். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அக்கா தங்கை விஷயம். "டீ வாங்கிட்டு வரவா? காலைலேர்ந்து நீ ஒண்ணும் சாப்டல."

"வாங்கிட்டு வாங்க."

அவர் படியிறங்கிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அக்காவின் உதடு போன மாதிரியே தன் உதட்டை வைத்துப் பார்த்தாள். ஒரு தரம் ஒட்டி, ஒரு தரம் குவித்து, நாக்கை மேலே கொண்டுபோய். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. எதிரே துடைப்பத்தோடு வந்த பெண், யாரோ பாவம் வேண்டிக்கொள்கிறார்கள் என்று நினைத்து, அவள் கால் இருந்த இடத்தை விட்டுவிட்டுத் துடைத்துக்கொண்டு போனாள்.